கூரை விழவில்லை

மருதவாறு வற்றாது ஓடுக. அதன் கீழ்க்கரையில் நெல்லும் கரும்பும் தழைக்கவும், குறை சொல்லி வந்தோர் முகம் தெளிந்து திரும்பவும் அரசு செலுத்தும் மருதவாற்று நாட்டுப் பேரரசி, கோல் கோடாத குலக்கொடி, திருவெழில் நங்கையார் திருமுன்பு, மேல்கரையில் கோட்டெயில் நகரிலிருந்து ஆளும் வேந்தன், ஏழரண் காவலன், நொச்சிக்கோட்டை கொண்டவன் என்று பட்டம் சூட்டப்பெற்ற விறல்வேள், எழுத்தரை விலக்கித் தன் கையால் எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பிழையாதிருக்கட்டும். தங்கள் குடிகள் நோயின்றி வாழட்டும்.

நாற்பது நாளுக்கு முன் நம் இலச்சினையோடு தங்களிடம் ஓர் ஓலை வந்தது. தங்கள் நாட்டு ஆடலாசிரியை அல்லியங்கோதை, நம் நகரத்துக் கூத்தரங்கின் கூரை விழுந்து இறந்துபட்டாள் என்று அதில் எழுதியிருந்தது. தாங்கள் அதை நம்பினீர்கள். நம்பியதோடு நில்லாமல், அரங்கில் இருந்த கோட்டெயில் மக்களுக்கு ஏதும் ஊறு நேர்ந்ததோ, மருத்துவர் வேண்டுமோ என்று கேட்டு மறுவோலையும் விடுத்தீர்கள். அந்த வரியை அவையில் படித்தபோது பலர் தலை குனிந்தார்கள். நாமும் குனிந்தோம்.

கூரை விழவில்லை. அல்லியங்கோதையை எம் மக்கள் அடித்துக் கொன்றார்கள். அவர்கள் அடிப்பதற்குக் காரணம் நான். இதற்குமேல் ‘நாம்’ என்று எழுதக் கை வரவில்லை. தேவியார் இதைப் பொறுத்தருள்க.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், என் தந்தையார் முடி சூடியிருந்த நாளில், நொச்சிக்கோட்டையை நான் இரண்டு திங்கள் முற்றுகையிட்டுக் கைக்கொண்டேன். கோட்டைக்குள் இருந்த கிணறுகள் அப்போது வற்றிவிட்டன. மதிலுக்கு வெளியே, கீழ்வாயிலை ஒட்டி ஒரு கிணறு இருந்தது. கடைசி நாளில் பகைவர் அவ்வாயில் வழியே படைக்கலத்தோடு பாய்ந்து வந்தார்கள் என்றும், எம் வீரர் அவர்களைக் கிணற்றடியில் மடக்கி வென்றார்கள் என்றும் அவைப்புலவர் பாடினார். அப்பாட்டே கூத்தாகி, ஆண்டுதோறும் வெற்றிநாளில் பதினோராயிரம் விளக்கும் பதினாறு முழவுமாக எம் அரங்கில் ஆடப்பட்டு வந்தது. பகைவராக வருவோர் கோரைப்பல் வைத்த பூதமுகம் அணிவார்கள். அவர்கள் ஒவ்வொருவராக விழும்போது மக்கள் எழுந்து ஆர்ப்பார்கள். எம் நாட்டில் அப்பாட்டை முணுமுணுக்காமல் நாற்று நடும் பெண்ணில்லை.

இவ்வாண்டு அக்கூத்தைத் தங்கள் நாட்டு அல்லியங்கோதை ஆட்டுவிக்க வேண்டும் என்று நானே விரும்பிக் கேட்டேன். தாங்கள் அன்போடு அனுப்பினீர்கள். இருபதின்மர் கொண்ட குழுவோடு அவள் வந்தாள். அவளுடைய தம்பி வெண்காடன் குழுவின் முழவுக்காரன். பாட்டில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்று பேரமைச்சர் ஆவூரர் அவளிடம் உறுதி கேட்டார். அவள் உறுதி தந்தாள். இறுதிவரை அந்த உறுதியைக் காத்தாள் என்பதற்கு நானே சான்று. பிறகு நொச்சிக்கோட்டையை ஒருமுறை பார்த்துவர இசைவு கேட்டாள். அது இடிந்து கிடக்கும் இடந்தானே என்று இசைவு தந்தேன்.

வெற்றிநாளன்று, நண்பகல் உணவு முடிந்ததும் கூத்துத் தொடங்கியது. மூவாயிரம் பேர் இருந்தார்கள். விளக்கு வரிசை இல்லை, பொன்முடி இல்லை, மரக்குதிரை இல்லை. மேடையின் ஒரு புறம் தாழ்ந்த மரவாயில் ஒன்று. மறுபுறம் வட்டமாக அடுக்கிய கல். அவ்வளவே. நாடெல்லாம் அறிந்த அந்த அடியைப் பாடகர் எடுத்தனர்:

வேலும் வாளும் ஏந்தி வந்தார்
வேந்தன் முன்னே வீழ்ந்து பட்டார்

வாயில் திறந்தது. பூதமுகம் வரவில்லை. எம் தெருக்களில் நாள்தோறும் காண்பது போன்ற பெண்கள், நூற்சேலை உடுத்தி, இடுப்பில் வெறுங்குடத்தோடு, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து வெளியே வந்தார்கள். அவர்களோடு இரண்டொரு கிழவர். பாட்டு வேலும் வாளும் என்றது. மேடையில் குடமும் கயிறும் இருந்தன.

முதலில் சிரித்தார்கள். மேல்தட்டிலிருந்து ஒருவன், “ஏய், வேல எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கீங்க? குடத்துக்குள்ளயா?” என்று கத்தினான், அரங்கமே நகைத்தது. பாடகர் அதே அடியை மறுமுறை பாடினர். இம்முறை சிரிப்பு பாதியில் நின்றது. எம் படையின் உடையும் எம் படையின் கொடியும் தாங்கிய ஆடவர் வந்து, அப்பெண்களைக் கிணற்றைச் சுற்றி வளைத்தார்கள். பாட்டு வெற்றியைச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு வணிகர் தம் மனைவியரை எழுப்பிக்கொண்டு வெளியேறினார். ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தூணோரம் ஓடி வாந்தி எடுத்தாள். “எங்க ராசாவையே பழிக்கிறியா?” என்றும், “நிறுத்துங்க இந்தக் கூத்த!” என்றும் குரல்கள் எழுந்தன, செருப்பு ஒன்று மேடையில் வந்து விழுந்தது. பழைய படைவீரர்க்கென ஒதுக்கிய வரிசையில் மட்டும் ஓசையே இல்லை. அவர்களில் ஒருவர் முன்னிருந்த பலகையில் நெற்றியை மெல்ல மெல்ல மோதிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் அவரைத் தடுக்கவில்லை.

அப்போது நடுவரிசையில் ஒருத்தி எழுந்தாள். வில்வீரன் ஒருவனின் கைம்பெண், நல்லாத்தி என்பவள். அவள் சொல்லை மெருகிடாமல் எழுதுகிறேன். “குடந்தான்! சத்தியமா குடந்தான்! எங்க வீட்டுக்காரரு சாகுற வரைக்கும் குடம் குடம்னு பெனாத்திக்கிட்டுக் கெடந்தாரு. காய்ச்சல்ல உளர்றாருன்னு நெனச்சேனே, பாவி!” என்று மார்பில் அறைந்துகொண்டாள். அவளை உட்காரச் சொல்லிச் சிலர் இழுத்தார்கள். சிலர் அவளைச் சூழ்ந்து நின்று அழுதார்கள். ஒரே வரிசையில் ஒருவன் அழ, அடுத்தவன் அவனை அறைந்ததையும் கண்டேன்.

மேடையில் ஒரு குடம் விழுந்து உடைந்தது.

அந்த ஓசைக்கு நான் எழுந்தேன். சினத்தால் எழவில்லை. கண் இருண்டது, அவ்விடத்தில் இன்னும் ஒரு கணம் இருந்தால் எல்லோர் முன்னும் விழுந்துவிடுவேன் என்று அஞ்சி எழுந்தேன். ஆயினும் கூத்தின் நடுவே வேந்தன் எழுந்தால் அது வெறுப்பின் குறி என்பது எம் நாட்டு வழக்கம். அதை அறியாதவன் அல்லேன். எழுந்தவன் கையை உயர்த்தி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பக்கத்து அறைக்குள் போனேன்.

என் இளவல் செருவேள், குதிரைப்படைத் தலைவன், என் இருக்கையின் மேல் ஏறி நின்றான். “வேந்தர் சினந்துட்டார்! கதவச் சாத்துங்கடா! ஒருத்தியும் தப்பக்கூடாது!” என்று கூவினான் என்பதைப் பதினொருவர் எனக்குச் சொன்னார்கள். அவர்கள் சொல்ல வேண்டியதே இல்லை. சுவருக்கு இப்பால் அக்குரலை நானே கேட்டேன். நீர் கொண்டுவரச் சொன்னேன். குடித்தேன். அரங்கிலிருந்து ‘வேந்தர் வாழ்க’ என்னும் முழக்கம் வந்துகொண்டே இருந்தது. வாழ்த்தும் குரலையும் அடிக்கும் குரலையும் பிரித்தறியாத செவியல்ல என்னுடையது; களத்திலேயே வளர்ந்தவன் நான். இன்னொரு செம்பு நீர் கேட்டேன். அதையும் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

அரங்கில் அப்போது நடந்ததை வெண்காடன் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். மேடையில் கட்டிய அந்தத் தாழ்ந்த மரவாயிலுக்குப் பின்னால், தெருவுக்குப் போகும் வழி ஒன்று இருந்தது. அல்லியங்கோதை தன் குழுவினரை ஒவ்வொருவராக அதன் வழியே தள்ளிவிட்டாள். ஒருவர் குனிந்து போனால்தான் அடுத்தவர் போக முடியும். எல்லோரும் போய்ச்சேர நேரம் வேண்டியிருந்தது. அந்த நேரத்தை வாங்குவதற்காக அவள் வாயிலை மறைத்து மக்கள் முன் நின்றாள். “ஐயா, பாட்டுல ஒரு எழுத்து நான் மாத்தலையே! ஒங்க பாட்டுத்தானே ஐயா இது! கேட்டீங்கல்ல?” என்று கைகூப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். முதல் அடி ஓர் இருக்கைக் காலால் விழுந்தது. அடித்தவர்களில் துணி வணிகன் ஒருவன், கோயில் விளக்கேற்றுபவன் ஒருவன், என் இலாயத்துக் குதிரைக்காரர் இருவர் இருந்தார்கள். ‘வேந்தர் வாழ்க, வேந்தர் வாழ்க’ என்று அடிக்கு ஒருமுறை சொன்னார்கள். நல்லாத்தி ஓடிப்போய் அவள்மேல் விழுந்து மறைத்தாள், அவளுடைய வலக்கை மணிக்கட்டு ஒடிந்தது, இழுத்து எறியப்பட்டாள். உயிரோடிருக்கிறாள். அல்லியங்கோதை பொழுது சாய்வதற்குள் இறந்தாள்.

பேரமைச்சர் ஆவூரர் கெட்டவர் அல்லர். இரண்டு நாட்டுக்கும் நடுவே போர் மூளக்கூடாது என்று அஞ்சினார். மறுநாள் காலையில் தச்சரை வரவழைத்து, அரங்கின் ஈசான மூலைக் கூரையை ஓடு ஓடாகப் பெயர்த்துக் கீழே போடச் செய்தார். தங்கள் தூதர் வந்து பார்த்து, விழுந்த கூரையைத் தொட்டுப் பெருமூச்சு விட்டுப் போனார். ஓலையை ஆவூரர் எழுதினார். இலச்சினையை நான் அழுத்தினேன். வெண்காடனையும் குழுவினரையும் விருந்தினர் மாளிகையில் வைத்தோம். விருந்து என்று பெயர். வாயிலில் காவல் இருந்தது.

நகரம் பிறகும் அடங்கவில்லை. அடித்தவர்கள் கள்ளுக்கடைகளில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். கேட்டவர்களில் சிலர் எழுந்து வேறு பந்திக்குப் போனார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. ஒரு பெண் தன் கணவனிடம், நீயும் அன்றைக்குக் கிணற்றடியில் நின்றாயா என்று கேட்டு, அவன் விடை சொல்லாததால் தாய்வீடு போய்விட்டாள் என்று ஒற்றர் வந்து சொன்னார்கள். அப்படிப் போனவர்கள் ஒருவர் இருவர் அல்லர். எம் பெண்கள் இப்போது நீருக்குப் போகும்போது அந்தப் பாட்டைப் பாடுவதில்லை.

தங்கள் மறுவோலை வந்த ஒன்பதாம் நாள், நான் காவலரை அனுப்பிவிட்டு வெண்காடனைத் தனியே பார்க்கப் போனேன். அவன் எழுந்து நிற்கவில்லை. நான் எழச் சொல்லவுமில்லை. உன் தமக்கைக்கு இதைச் சொன்னவன் யார் என்று கேட்டேன். எவனோ ஒரு பழைய வீரன் வாய் திறந்துவிட்டான் என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

“யாரும் சொல்லலீங்க,” என்றான். “கோட்டையப் பாக்கப் போனோமில்ல, அந்தக் கீழ்வாசல்ல அக்கா நாலஞ்சு தடவ போயிப் போயி வந்தா. எங் கையில ஒரு ஈட்டியக் குடுத்து, இதோட வாடான்னா. குனிஞ்சா ஈட்டி முட்டுது. நிமுந்தா மண்ட இடிக்குது. ரெண்டு பேரு சேந்து வர முடியல. ‘இப்பிடி ஒருத்தன் ஒருத்தனாக் குனிஞ்சுக்கிட்டு எவன்டா சண்டைக்கு வருவான்’னா. அப்பறம் படியப் பாத்தா. குடம் வெச்சு வெச்சுப் படியெல்லாம் குழி விழுந்து கெடந்துச்சு. அதுல ஒக்காந்து அந்தக் குழியக் கையால தடவிப் பாத்தா.”

என்னைப் பழிக்க வேண்டுமென்றே இதைச் செய்தாளா என்று கேட்டேன். அவன் என்னை வியப்போடு பார்த்தான்.

“ஒங்களையா? ஐயோ, இல்லீங்க. நாங்கூடக் கேட்டேன், அரசரு கோவப்படுவாரேக்கான்னு. ‘அவரு யானை மேல எங்கயோ தூரத்துல நின்னுருப்பாரு, வாசல்ல நடந்தது அவருக்கு எங்க தெரிஞ்சிருக்கப் போவுது. படைக்காரங்க பொய் சொல்லிருப்பாங்க. இப்பத் தெரிஞ்சா ரொம்ப வருத்தப்படுவாருடா’ன்னா.”

தேவியார் அறிக. நான் யானை மேல் இல்லை. கிணற்றிலிருந்து இருபது அடி தொலைவில் தரையில் நின்றேன். முதலில் வெளியே வந்தவளைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த குடத்தையும் பார்த்தேன். குடத்துக்குள் நெருப்பு இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தாக்குக என்னும் குறியாகக் கையை இறக்கினேன். மூன்றாமவள் வந்தபோது அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இரண்டு திங்களாக வெயிலில் கிடந்தோம். முடிந்தால் போதும் என்றிருந்தது. எழுபது பேருக்கு மேல் இருக்கும். எண்ணச் சொல்லவில்லை. உடைந்த குடங்களைக் கிணற்றுக்குள் தள்ளி மூடச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அவ்விடத்தில் நின்றவர்கள் தங்களுக்குள்ளும் அதைப் பேசிக்கொள்ளவில்லை. நான் தந்தையாரிடம் படைக்கலம் ஏந்தி வந்தார்கள் என்றேன். புலவர் நான் சொன்னதைப் பாடினார்.

என்னைக் குற்றமற்றவன் என்று நம்பிய ஒருத்தியை, அவள் என்னைக் குற்றம் சாட்டுகிறாள் என்று அஞ்சி எழுந்து, சாகக் கொடுத்தேன். இதை வெண்காடனிடமும் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நான் வெளியே வந்தபின்தான் அவன் அழும் ஓசை கேட்டது.

ஆகவே முன்னைய ஓலையைத் தாங்கள் பொய்யென்று கொள்க. அதை அழிக்க வேண்டா. என் பொய்க்குச் சான்றாக வைத்திருக்கலாம். அடித்தவர் பதினேழு பேரைப் பிடித்துச் சிறையில் வைத்திருக்கிறேன். அவர்களைத் தங்கள் அவையில் நிறுத்த வேண்டுமெனில் ஆளனுப்புக. செருவேளைப் பிணிக்க ஆணையிட்டேன். ஆணை போய்ச்சேருமுன் அவன் குதிரைப்படையில் பாதியோடு வடக்கே போய்விட்டான். ‘அண்ணன் அறிவு கலங்கிவிட்டது’ என்று ஊர் ஊராகச் சொல்லி வருவதாகக் கேள்வி. இவ்வோலை தங்கள் கைக்கு வரும் நாளில் கோட்டெயிலில் வேந்தனாக இருப்பவன் நானோ அவனோ, அறியேன்.

இன்று காலை அவை கூடும். கிணற்றடியில் நடந்ததை அங்கே என் வாயால் சொல்லப் போகிறேன். இனி வெற்றிநாள் இல்லை என்று பறையறையச் சொல்லியிருக்கிறேன். நொச்சிக்கோட்டையார் என்று சொல்லிக்கொள்ள எஞ்சியிருப்பவர்கள் உப்பளங்களில் கூலிக்கு இருக்கிறார்கள். அவர்களிடமும் போக வேண்டும், என்னை உயிரோடு விட்டால்.

தாங்கள் படையெடுத்து வந்தால் அதை அநீதி என்று ஒருநாளும் சொல்லேன். ஒன்றே ஒன்று வேண்டுகிறேன். ஆற்றங்கரை உழவர்கள் இதில் ஒன்றும் அறியாதவர்கள். அவர்கள் வயல் வழியே வராமல் நேரே கோட்டெயில் வாயிலுக்கு வருக. மன்னிப்பு என்னும் சொல்லை இவ்வோலையில் எழுத எனக்கு உரிமை இல்லை.

இதில் இலச்சினை இல்லாதது கண்டு ஐயுற வேண்டா. இலச்சினைப் பேழையின் திறவுகோலை ஆவூரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரசைக் காக்கவே அப்படிச் செய்கிறேன் என்று என் காலைத் தொட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனார். மை தொட்டு என் பெருவிரலை ஏட்டின் கடையில் பதித்திருக்கிறேன். ஓலையை வெண்காடனே கொண்டு வருகிறான். தன் தமக்கையின் எலும்பைத் தாழியில் கொண்டு வருகிறான். அவனை எதுவும் கேட்காமல் முதலில் உறங்க விடுக.

தங்கள் கோல் நேர்நிற்க. மருதவாறு நீர் குறையாதிருக்க.

மேலேட்டில் எழுதியது, மருதவாற்றுத் துறைக்காவலர் கைக்கு: விறல்வேள் கட்டளை. வெண்காடனையும், அவனோடு வரும் பத்தொன்பது பேரையும், அவர்கள் சுமந்துவரும் தாழியையும் சோதிக்காமல், ஒரு கேள்வியும் கேட்காமல் உடனே அக்கரை சேர்க்க. இவர்களைத் தடுக்கச் சொல்லி, என் இலச்சினையோடு வேறோர் ஓலை உங்களிடம் வரும். வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓடம் அக்கரை தட்டியபின் பிரித்துப் படியுங்கள்.